பழைய கல்லறைக் கல்லைச் சேதமின்றிச் சீரமைப்பது எப்படி?

தாத்தாவின் பளிங்குக் கல்லறைக் கல் பாசி படிந்து கறுத்துவிட்டது, ஆசிட் ஊற்றித் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கல்லே கரைந்து, எழுத்துகளும் அதோடு போய்விடும். கம்பி பிரஷும் உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் நீரும் மேற்பரப்பை அரித்துவிடும். பிளீச் நுண்துளைகளில் உப்பாகத் தங்கிப் பின்னாளில் கல்லை உரிக்கும்.

கல்லறைத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்றபின், கல்லை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றொலி கேட்டாலோ, மாவாக உதிர்ந்தாலோ கழுவவே கூடாது. உறுதியாக இருந்தால் நன்றாக நனைத்து, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் உலர்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். எழுத்துப் பள்ளங்களில் உள்ள பாசியை மரக்குச்சியால் எடுக்கலாம். புதுக்கல் போன்ற வெண்மை வராது; வரவும் வேண்டியதில்லை.

விரிசலில் சிமெண்ட் பூசுவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. பழைய கல்லுக்கு அது மிகவும் கெட்டியானது. ஈரத்தை அடைத்துவைத்து, பக்கத்திலேயே மறுபடி பிளக்க வைக்கும். சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. இரண்டாக முறிந்த கல்லை மட்டும் அனுபவமுள்ள கல் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுங்கள்.