பிரஷர், சுகர் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை வார்டில் அட்டெண்டனாக இருக்கிறேன். முன்பு குளிப்பாட்டுவது, பேம்பர்ஸ் மாற்றுவது, எக்ஸ்ரேக்கு வீல்சேர் தள்ளுவது, அவ்வளவுதான். இப்போது 'ஹெல்த்கேர் அசிஸ்டன்ட்' என்று பேட்ஜ் கொடுத்து, பிரஷர், சுகர் எடுத்து டேப்லெட்டில் பதியச் சொல்கிறார்கள். ஏதாவது தப்பானால் என் தலையில் விழுமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: எடுக்கலாம். ஆனால் பேட்ஜ் மாறியது மட்டும் போதாது. ஒருவர் கற்றுக்கொடுத்து, நீங்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, 'இவருக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தத் தாளின் நகல் உங்கள் கையிலும் இருக்கட்டும். பிறகு யாராவது கேள்வி கேட்டால் உங்களுக்குத் துணை அதுதான்.

எண்ணை எடுப்பது உங்கள் வேலை. அந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பது மிஸ்ஸியின் (நர்ஸின்) வேலை. மாத்திரை கொடுப்பது, டிரிப் வேகத்தை மாற்றுவது, இன்சுலின் போடுவது எல்லாம் அந்தப் பக்கம். ஆள் பற்றாத நைட் ஷிப்டில் "ஒரு தடவைதானேக்கா" என்று கெஞ்சுவார்கள். மறுத்துவிடுங்கள். மிஸ்ஸியின் லாகினில் நீங்கள் பதிவதும் வேண்டாம்.

தப்பான பிரஷர் ரீடிங் பெரும்பாலும் கஃப்பிலிருந்துதான் (கையில் சுற்றும் பட்டை) வருகிறது. பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். கை கட்டிலுக்கு வெளியே தொங்கினாலும் அப்படித்தான். தலையணை வைத்து நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கிவிடுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் கஃப்பே கட்டக்கூடாது. எந்தக் கை என்று தெரியாவிட்டால் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

சுகருக்கு முதலில் நோயாளியின் விரலைக் கழுவித் துடையுங்கள். பப்பாளி சாப்பிட்ட விரலில் குத்தினால் இல்லாத சுகரெல்லாம் ஏறி நிற்கும். நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. 4.0 mmol/L-க்குக் கீழே காட்டினால் டேப்லெட்டைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தையும் பதியுங்கள்.

இன்னொன்று, பயிற்சியில் இதைச் சொல்லித்தராமல் இருக்கலாம். மலாய் சரியாக வராத நம் பாட்டிமார்கள் முதலில் உங்களிடம்தான் வாய் திறப்பார்கள். "நெஞ்சை அடைக்குதும்மா" என்றால் அதை அப்படியே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். காற்றுப் பிடிப்பாக இருக்கும் என்று நீங்களாக முடிவுகட்டி, மலாயில் 'ஆஙின்' (காற்று) என்று சொல்லிவைக்காதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அது வெறும் அடிமட்டம். வேலை கூடியிருக்கும்போது சம்பளமும் அங்கேயே நிற்கிறதென்றால், புதிய பொறுப்புகளை எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தாளோடு எச்ஆரிடம் போய்ப் பேசுங்கள்.

ஒருவேளை மிஸ்ஸியாகும் எண்ணம் இருந்தால், வார்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் குறைந்தது மூன்றாண்டு நர்சிங் டிப்ளோமாவும் மலேசிய தாதியர் வாரியத்தின் தேர்வும் பதிவும் வேண்டும். படிப்பில் சேர எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) கிரெடிட்டுகளும் தேவை. சில தனியார் மருத்துவமனைகள் செலவை ஏற்றுப் படிக்க வைக்கின்றன. பாண்ட் (படித்தபின் அங்கேயே வேலை செய்யும் ஒப்பந்தம்) எத்தனை வருஷம், பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள்.