உபுண்டு 18.04 சர்வரை ஒரே தாவலில் 22.04-க்குக் கொண்டு போகலாமா?

ஒரே தாவலில் முடியாது. முதலில் 20.04, அங்கிருந்துதான் 22.04. நடுவில் இருக்கும் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள) பதிப்பைத் தாண்ட, உபுண்டு இயங்குதளத்தை மேம்படுத்தும் டூ-ரிலீஸ்-அப்கிரேட் கட்டளை விடாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் இருப்பது ஒரே சர்வர், மாற்று மெஷின் கிடையாது, "ராத்திரியோட முடிச்சிடுங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஒரு ராத்திரிதான் உட்கார்ந்தேன்.

2023 தொடக்கம். 18.04-க்கான வழக்கமான ஆதரவு அந்த ஆண்டு மே மாதத்தோடு முடிவதாக இருந்தது. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆர்டர் எல்லாம் போஸ்ட்கிரெஸ் 10 என்ற டேட்டாபேஸில். சனிக்கிழமை கடை அடைத்ததும் ஆரம்பித்தேன். எஸ்எஸ்ஹெச் என்ற நெட்வொர்க் இணைப்பு வழியாக ஓட்டினால், இணைப்பு அறுந்தாலும் உள்ளே வர 1022 போர்ட்டில் அந்தக் கட்டளையே இன்னொரு வாசலைத் திறந்து வைக்கும். ஃபயர்வாலில் அதற்கு வழி விட்டேன். பழைய பேக்கேஜ்களை நீக்கவா என்று கேட்டது, வேண்டாம் என்றேன். டேட்டாபேஸை 12-க்கு மாற்றுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். ரீபூட் முடிந்து 20.04 வந்தது, போஸ்ட்கிரெஸ் 10-ம் எழுந்தது. லாகில் ஒரு எரர் கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நேரத்தில், போனில் ஆர்டர் எடுக்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, பத்து வருஷமா நம்மகிட்ட பொன்னி அரிசி வாங்குற வீடு. அப்படி ஒரு வீடே இல்லைங்குது. நான் புதுசா போட்டுக்கிட்டேன், பரவாயில்லையா?"

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த டேபிளில் வாடிக்கையாளர் குறியீடு என்பது புளோக் எண், மாடி, வீட்டு எண், நடுவில் கோடு. ஒரே குறியீடு இரண்டு முறை விழவே கூடாது, அதைத் தடுக்க யூனிக் இண்டெக்ஸ் (தேடுவதற்கான வரிசைப் பட்டியல்) இருக்கிறது. ஆனால் விழுந்திருந்தது.

காரணம் ஜிலிப்சி, உபுண்டுவின் அடிப்படை சி லைப்ரரி. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரெஸ் பொதுவாக அதனிடம்தான் கேட்கும். அந்த விதி ஜிலிப்சி 2.28-இல் மாறியது. 18.04-இல் இருப்பது 2.27, 20.04-இல் 2.31. பழையதில் '11' முன்னால், '1-1' பின்னால், புதியதில் நேர்மாறு. இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கியிருக்கிறது, தேடுவது புதிய வரிசையில். பதிவு பத்திரமாக உள்ளே இருந்தும் தேடினால் கிடைக்காது.

இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்தால், இரட்டைப் பதிவுகளைக் கண்டு நின்றுவிட்டது. இண்டெக்ஸ் ஸ்கேனை அணைத்துவிட்டு அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். எது உண்மையான ஆர்டர் என்று அக்கா தன் டெலிவரி நோட்டைப் பார்த்து வாசிக்க வாசிக்க, நான் சேர்த்தேன். மாலையாகிவிட்டது.

"ஸ்னாப்ஷாட் எடுக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். எடுத்திருந்தேன். ஆனால் விஷயம் தெரிய வரும்போது கடை திறந்து பாதி நாள் ஆர்டர் விழுந்துவிட்டது. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அத்தனையும் போயிருக்கும். "புது மெஷினில் புதிதாக நிறுவியிருக்க வேண்டும்" என்பவர்களுக்கு: சரிதான், மெஷின் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அங்கேயும் டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி செய்தால் இதே கதைதான். டேட்டாவை டம்ப்பாக (ஏற்றுமதிக் கோப்பாக) எடுத்து மீட்டால் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சனி இரவு வேலை முடிந்தபோது கடைசி ரயில் போய்விட்டது. நள்ளிரவுக்கு மேல் டாக்சி மீட்டருக்கு மேல் 50 சதவீதம் கூடுதல். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனம் அந்த ரசீதைத் திருப்பி அனுப்பியது, நேரத்தை நானே தேர்ந்தெடுத்தேனாம். கடை திறந்திருக்கும்போது சர்வரை நிறுத்த முடியுமா? பணத்தை விட அந்த ஒரு வரி மெயில்தான் இன்னும் உறுத்துகிறது.

உங்கள் சர்வரில் போஸ்ட்கிரெஸ் இருந்தால், லொக்கேல் (எழுத்து வரிசையைத் தீர்மானிக்கும் மொழி அமைப்பு) 'சி'யா வேறா என்று முதலில் பாருங்கள். 'சி' என்றால் இந்தப் பிரச்சினை வராது. வேறு என்றால் 20.04 வந்ததும், கடையைத் திறக்கும் முன்பே ரீஇண்டெக்ஸ் ஓட்டிவிடுங்கள். மைஎஸ்கியூஎல் வைத்திருந்தால் சொல்லுங்கள், அதன் கதை வேறு, தனியாக எழுதுகிறேன்.