ஃபிளாஷ் அடித்தும் கறுக்காத படலம்

கேள்வி: கிராஃபைட் ஆக்சைடு (ஆக்சிஜன் ஏறிய கிராஃபைட்) படலத்தில் கேமராவின் செனான் ஃபிளாஷை அடித்தேன். ஓரம் மட்டும் கறுத்தது, நடுப்பகுதி பழுப்பாகவே நிற்கிறது. ஏன்?
- மாணவி, நாகர்கோவில்

பதில்: ஃபிளாஷின் சூட்டில் ஆக்சிஜன் கழன்றால்தான் படலம் கறுக்கும். அது நடக்காததற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் இந்தப் படலம் காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். ஃபிளாஷின் சூடு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (காற்றுப் புகாத உலர்த்தும் கலத்தில்) ஓரிரவு வையுங்கள். ஓவனில் சுட வைக்க வேண்டாம். ஃபிளாஷ் முகப்பு படலத்திலிருந்து 2 மி.மீ.க்குள் இருக்கட்டும். சரியாக விழுந்தால் 'பட்'டென்று சத்தம் கேட்கும். உள்ளிருந்து வாயு பீறிட்டு, படலம் உப்பிக் கறுக்கும். மல்டிமீட்டரில் மின்தடை நன்றாக இறங்கியிருக்கும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: தயாரிப்பின்போது தங்கிய பொட்டாசியம் உப்பு எஞ்சியிருந்தால் படலம் தீப்பற்றிப் பரவும். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும், பிறகு வாலைவடிநீராலும் பலமுறை கழுவுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஃபிளாஷைத் தொடாதீர்கள்.