சைவம் சாப்பிட்டால் ஆர்டர் போய்விடுமா?

கேள்வி: கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். உதிரிபாக ஆர்டர் பற்றிப் பேச ஜப்பானின் நகோயா நகரில் உள்ள ஒரு கம்பெனி அழைத்திருக்கிறது. அன்று இரவு விருந்தும் உண்டு. நான் சைவம், குடிப்பதும் இல்லை. மறுத்தால் ஆர்டர் போய்விடும் என்கிறார் ஏஜென்ட். என்ன செய்வது?

பதில்: ஆர்டர் எங்கும் போகாது. 'கம்பாய்' என்று எல்லோரும் கோப்பையைத் தூக்கும்போது உங்கள் கையிலும் ஒன்று இருந்தால் போதும், அதில் ஊலாங் டீ இருக்கலாம். உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார்.

சிக்கல் சாப்பாட்டில்தான். 'சைவம்' என்ற ஒரு சொல் அங்கே போதாது. மீசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப், நூடுல்ஸ் சாறு, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் 'தாஷி' சேரும். பெரும்பாலும் அது நம் மாசிக் கருவாடு போலக் காயவைத்த சூரை மீனைச் சீவி எடுத்த சாறு. நம் பஜ்ஜி போன்ற காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவதிலும் அதுதான். கண்ணுக்குத் தெரியாது, பரிமாறுபவருக்கும் அது மீனாகத் தோன்றாது. கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும் எடுக்கும் தாஷி மட்டும் உங்களுக்கு ஆகும். புத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' சமையல் அப்படிப்பட்டது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஆகவே 'இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி வேண்டாம்' என்று ஒரு வாரம் முன்பே மெயிலில் எழுதிவிடுங்கள். இலை போட்ட பிறகு சொன்னால் அழைத்தவருக்குத்தான் தலைகுனிவு.

சாப்பிடும் குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தாதீர்கள், அது சாவுப் படையல்.

எனக்குக் கவலை அந்த ஏஜென்டைப் பற்றித்தான். கூட்டத்தில் ஜப்பானியர்கள் 'ஹாய், ஹாய்' என்பார்கள். 'ஒத்துக்கொண்டார்கள், கமிஷனில் பாதியைக் கொடுங்கள்' என்று இவர் வந்து நிற்பார். 'ஹாய்' என்றால் ஆமாம்தான், ஆனால் பேச்சின் நடுவே வந்தால் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் பொருள். பரிசீலிக்கிறோம் என்பது பல நேரம் நாசூக்கான மறுப்பு. உண்மையிலேயே பிடித்திருந்தாலும் 'ரிங்கி' என்ற காகிதம் மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவரும் முத்திரை வைக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த 'ஹாய்'-ஐ நம்பி, கடன் எடுத்து மிஷின் வாங்கிவிட்டு வட்டி கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஏற்றுமதிப் பயிற்சி வகுப்புகளிலோ எவ்வளவு குனிந்து வணங்குவது என்பதற்கே அரை நாள் போகிறது, இந்த 'ஹாய்'க்கு என்ன பொருள் என்று சொல்லப் பத்து நிமிடம் ஒதுக்க ஆளில்லை!

மொழிபெயர்ப்பாளரை நீங்களே சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள், ஏஜென்ட் அழைத்துவரும் ஆள் வேண்டாம். ஆர்டர் எழுத்தில் வரும்வரை ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.