கர்ப்பப்பை எடுத்து 12 நாள், இருமினாலே வலி: பதில்

சகோதரி, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுத்து 12 நாள்தான் ஆகிறது, இருமினால் தையல் இழுக்கிறது, மாமியார் அதற்குள் குடம் தூக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மேலூரில் நானும் இதைக் கடந்து வந்தவள்தான்.

இருமல் வரும்போது ஒரு தலையணையை அடிவயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடியுங்கள். நேராக எழாதீர்கள். ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். இது பழகிய பிறகுதான் ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் பாத்ரூம் போக முடிந்தது எனக்கு.

வலி முற்றும்வரை பொறுக்காமல், டாக்டர் சொன்ன நேரத்துக்கே மாத்திரை போடுங்கள். என்னைத் தையலைவிட மலச்சிக்கல்தான் பாடாய்ப் படுத்தியது. தண்ணீர், கீரை, கொய்யா சேருங்கள். முக்க வேண்டாம், மருந்து கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே அடிக்கடி கொஞ்சம் நடங்கள்.

குடம் மட்டும் கூடவே கூடாது. 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ. வெளியே தையல் காய்ந்தாலும் உள்ளே ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிப்போங்கள், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.

பிறப்புறுப்பு வழியாக லேசான கசிவு சில வாரம் இருக்கும், பயப்படாதீர்கள். ஆனால் காய்ச்சல், நாற்றத்தோடு கசிவு, அதிக ரத்தப்போக்கு, கெண்டைக்காலில் வீக்கம் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் ராத்திரியும் அவசர சிகிச்சை உண்டு.