அந்த மாடி அறைக்குப் போர் வந்த ஆண்டு

கேள்வி: எமிலி டிக்கின்சன் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் அறைக்குள் அடைந்து கிடந்து எழுதியவர். அவரைப் படிக்க அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார் எங்கள் பேராசிரியர். கவிதையை ரசிக்க வரலாறு எதற்கு? (ஆங்கில இலக்கிய மாணவி)

பதில்: ரசனையைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த அறையைப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்டில் இருந்த மாடி அறை அது. தந்தை எட்வர்ட் டிக்கின்சன் வழக்கறிஞர். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர். உள்ளூர்க் கல்லூரியின் பொருளாளர். 'ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்' நாளிதழை எமிலி விடாமல் படித்தார். அதன் ஆசிரியர் சாமுவேல் பௌல்ஸ் குடும்ப நண்பர். 1862 மார்ச்சில் வட கரோலினாவின் நியூ பெர்ன் சண்டையில் மாண்ட ஃப்ரேசர் ஸ்டெர்ன்ஸ், அந்தக் கல்லூரித் தலைவரின் மகன், எமிலியின் அண்ணன் ஆஸ்டினுக்கு நண்பர், வயது 21. அந்தச் சாவையும் அதில் அண்ணன் உறைந்துபோனதையும் எமிலி தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார்.

அடுத்த மாதமே எமிலி, எழுத்தாளர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனுக்கு நான்கு கவிதைகளை அனுப்பி, இவற்றுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிக்கின்சன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின வீரர்களின் படைப்பிரிவுக்குக் கர்னலாகித் தென் கரோலினா போய்விட்டார். எமிலியின் கடிதம் அங்கேயும் போயிற்று. ஏறத்தாழ 1,800 கவிதைகளில் சரிபாதிக்கு மேல் 1861 முதல் 1865 வரையிலான போர்க்காலத்தில் எழுதப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அவர் வாழ்நாளில் அச்சேறிய கவிதைகள் பத்தே பத்து. அவற்றில் மூன்று, காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட 1864-இல் புரூக்ளினில் நடத்தப்பட்ட 'டிரம் பீட்' என்ற இதழில், அவர் பெயர் இல்லாமல் வந்தன. வெளியுலகத் தொடர்பே இல்லாத அறை என்று இதை எப்படிச் சொல்வது?

இலையுதிர்காலத்தைப் பற்றிய அவருடைய கவிதை ஒன்றை எடுத்துப் படியுங்கள். குன்றின்மேல் தமனி ஓடுகிறது, சாலையோரம் சிரை ஓடுகிறது, சந்துகளில் பெருந்துளிகள் கிடக்கின்றன. காற்று கிண்ணத்தைக் கவிழ்க்க, செம்மழை கொட்டி, கீழே செல்லும் பெண்களின் தொப்பிகளில் தெறித்துக் குட்டைகளாகத் தேங்குகிறது. சிவந்த இலைகளுக்கு இத்தனை உடற்கூற்றுச் சொற்கள் எதற்கு? கவிதை 1862-ஆம் ஆண்டினது. அந்தச் செப்டம்பர் 17 அன்று, ஆன்டீட்டம் ஓடைக்கரையில் ஒரே பகலில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். அடுத்த மாதம் அந்தப் பிணங்களின் ஒளிப்படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். கவிஞர் ஆன்டீட்டத்தைத்தான் மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்த ஆண்டைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தக் கிண்ணத்தை வெறும் வருணனை என்று தாண்டிப்போக என்னால் முடியவில்லை.

இங்கேதான் என் பழைய சண்டைக்கு வருகிறேன். கவிதையின் அடியில் ஆண்டைப் போடாத தொகுப்பாசிரியர்களை நான் மன்னிப்பதில்லை. 1890-இல் வெளிவந்த டிக்கின்சனின் முதல் தொகுப்பு கவிதைகளை வாழ்க்கை, காதல், இயற்கை, காலமும் நித்தியமும் என்று பிரித்து அடுக்கி, பலவற்றுக்குத் தலைப்பு சூட்டி, ஓசை இடறிய இடங்களைத் திருத்தியும் வைத்தது. ஹிக்கின்சனே அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவர் என்பதுதான் வேதனை. படை நடத்தியவர் கையிலேயே போர்க்காலம் காணாமல் போயிற்று. 1955-இல் ஆய்வாளர் தாமஸ் ஜான்சன், கையெழுத்து ஆண்டுக்காண்டு மாறியதை வைத்துக் காலம் கணித்து வரிசைப்படுத்திய பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது.

ஆண்டு தெரிந்தால் எல்லாவற்றிலும் போரைத் திணித்துவிடுவார்களே என்று நீங்கள் அஞ்சலாம். அதைத் தடுப்பதும் ஆண்டுதான். வெற்றியின் இனிமை தோற்றவனுக்கே தெரியும் என்று சொல்லும் புகழ்பெற்ற கவிதையில், சாகும் வீரனின் காதில் எதிரியின் வெற்றி முழக்கம் விழுகிறது. உள்நாட்டுப் போர்க் கவிதை என்று அடித்துச் சொல்லத் தோன்றும். ஆனால் அது 1859 வாக்கில், போர் தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டது. அதை 1864-இல் புரூக்ளின் நாளிதழ் ஒன்று வெளியிட்டபோது, பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பியிருந்த வீடுகள் அதை வேறு விதமாகத்தான் படித்திருக்கும். ஆகவே அந்தக் கவிதைக்கு அடியில் இரண்டு ஆண்டுகளையும் அச்சிட வேண்டும். உங்கள் பாடநூலில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.