வீட்டில் கட்டும் ஸ்பீக்கருக்கு ரிப்பன் ட்வீட்டர் சரிப்படுமா? வாங்கியதை எப்படிச் சோதிப்பது?

ரிப்பன் ட்வீட்டர் என்பது காந்தங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தாள் அசைந்து உயர் ஒலிகளைத் தரும் பகுதி. உங்கள் வூஃபர் (தாழ்ந்த, நடு ஒலிகளைத் தரும் பெரிய கோன்) 3 கிலோஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக ஏறுமானால் அது தாராளமாகச் சரிப்படும். டேட்டாஷீட்டில் 40 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல ரிப்பனா இல்லையா என்பது அதன் கீழ் எல்லையில்தான் தெரியும்.

60 மில்லிமீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ரிப்பனின் பரப்பு 4.8 சதுர சென்டிமீட்டர். ஒரு அங்குல டோமுக்கு (வழக்கமான குவிமாட வடிவ ட்வீட்டர்) இது சுமார் 7. அதே ஒலி அளவில் அதிர்வெண் பாதியானால் தாள் நான்கு மடங்கு அசைந்தாக வேண்டும். சில மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தாளால் அது முடியாது, டிஸ்டார்ஷன்தான் (ஒலிச் சிதைவு) ஏறும். அதனால் சின்ன ரிப்பன்களின் க்ராஸ்ஓவரை (வூஃபரும் ட்வீட்டரும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் அதிர்வெண்) 3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வைக்காதீர்கள். அதற்குக் கீழே ஒலி குறையும் சரிவும் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபெல் இருக்கட்டும்.

கையில் இருப்பது அசல் ரிப்பன்தானா என்று பாருங்கள். பிளாஸ்டிக் படலத்தில் கடத்தித் தடம் பதித்த பிளேனர் ட்வீட்டர்களையும் கடைகளில் ரிப்பன் என்றே விற்கிறார்கள். அசல் ரிப்பனின் மின்தடை ஓமில் சிறு பங்குதான்; அதனால் பின்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மல்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய ஷார்ட் காட்டும். அது பழுதில்லை, டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி கம்பிச்சுற்றின் மின்தடை அவ்வளவுதான். ஆனால் கெபாசிட்டர் இல்லாமல் நேரே ஆம்பிளிஃபையரில் மாட்டிவிட்டால் ஆம்புக்கும் ஆபத்து, தாளுக்கும் ஆபத்து. சோதிக்கும்போது 10 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்று எப்போதும் தொடரில் இருக்கட்டும்.

மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்து வலைக்குள் பாருங்கள். தாளின் இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும், மடிப்புகள் எங்கும் தொய்ந்திருக்கக் கூடாது. தூசி போகட்டும் என்று வாயால் ஊதவே ஊதாதீர்கள், தாள் நீண்டுவிடும். பிறகு குறைந்த ஒலியில் 2 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஸ்வீப் (அதிர்வெண் தொடர்ந்து ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். ஏதாவது ஓரிடத்தில் 'சர்ர்' என்றால் தாள் காந்தத்தில் உரசுகிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவீட்டுக்கு ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளும் காலிபிரேட் செய்த மைக்கும் போதும். ட்வீட்டரை உண்மையான முன்பலகையில் பதித்து, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், 1 மீட்டர் தள்ளி மைக் வையுங்கள். தரைப் பிரதிபலிப்பு 4.6 மில்லிசெகண்ட் பிந்தி வரும். 4 மில்லிசெகண்டில் கேட் போட்டால், அதாவது அதற்குப் பின் வருவதை மென்பொருளில் வெட்டிவிட்டால், நமக்குத் தேவையான பகுதி சுத்தமாகக் கிடைக்கும். டிஸ்டார்ஷன் அளக்க மைக்கை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து, ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, ஒலியை 5 டெசிபெல் படிகளாக ஏற்றுங்கள். மூன்றாம் ஹார்மோனிக் (கொடுத்த அதிர்வெண்ணின் மும்மடங்கில் தோன்றும் சிதைவு) திடீரென எழும் அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டு, க்ராஸ்ஓவரை அதற்கு நன்றாக மேலே வையுங்கள். இரண்டு ட்வீட்டரையும் அளந்து ஒப்பிடுங்கள். 1 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்டீரியோ பிம்பம் ஒரு பக்கமாகச் சாயும்.

பக்கவாட்டுக் கோணங்களில் ரிப்பன் அருமையாகப் பரவும். செங்குத்தாகத்தான் சிக்கல். 60 மில்லிமீட்டர் ரிப்பன் 10 கிலோஹெர்ட்ஸில் மேலும் கீழும் 20 டிகிரியிலேயே 6 டெசிபெல் இழக்கிறது, 16 கிலோஹெர்ட்ஸில் 12 டிகிரியிலேயே. எழுந்து நின்றால் சிம்பலின் பளபளப்பு போய்விடும். உட்காரும்போது காது இருக்கும் உயரத்துக்கே ட்வீட்டரை வையுங்கள்.

வூஃபர் 5 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. 6.5 அங்குலக் கோன் 3 கிலோஹெர்ட்ஸில் ஒலியைக் குறுக்க ஆரம்பித்திருக்கும். அகலமாகப் பரவும் ரிப்பனோடு அது ஒட்டாது. ரிப்பனின் முகத்தகடு உயரமானது என்பதால் வூஃபர், ட்வீட்டர் மையங்களுக்கு இடையிலான தூரமும் கூடிவிடும். 3 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 114 மில்லிமீட்டர்தான்; அந்தத் தூரம் இதைத் தாண்டிப் போவதுதான் சிக்கல்.

ரிப்பனின் சென்சிட்டிவிட்டி (ஒரே மின்னழுத்தத்தில் தரும் ஒலி அளவு) 95 டெசிபெல், வூஃபருடையது 87 என்றால் ரிப்பனை 8 டெசிபெல் குறைக்க வேண்டும். 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடரில் 4.7 ஓம் ரெசிஸ்டர், இணையாக 5.1 ஓம் ரெசிஸ்டர், இரண்டும் 10 வாட். ரிப்பனின் இம்பீடன்ஸ் (ஒலி அதிர்வெண்களில் அதன் மின்னெதிர்ப்பு) பெரிதாக ஏறி இறங்காது என்பதால் இந்தக் கணக்கு நடைமுறையிலும் பிசகாது.

மரவேலை முடியும் வரை ட்வீட்டர் அந்தப் பக்கமே வரக் கூடாது. இரும்புத் தூள் காந்த இடைவெளியில் புகுந்தால் எடுப்பது மிகக் கடினம். பின்புறம் திறந்த மாடலாக இருந்தால் வூஃபரின் காற்றழுத்தம் தாளைக் கிழித்துவிடும். பெட்டிக்குள் அதற்குத் தனி அறை தடுத்து, ஃபோம் கேஸ்கெட் வைத்து மூடுங்கள்.